காயாத ஓவியம்

ஆயில் பெயிண்டிங் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். தீட்டிய படம் காய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் ஆகும்! ஒரு மாணவி இந்த இரண்டாவது பதிலைக் கற்றுக்கொண்ட கதைதான் இது. கூடவே ஒரு பழைய ஜெர்மன் ஓவியத்தின் கதையும், ஒரு தாத்தாவின் கதையும் வரும்.

பட்டறைச் சுவரில் ஒரு காலண்டர்

ஜெர்மனியின் வடக்கே, பால்டிக் கடலை ஒட்டி கிரைஃப்ஸ்வால்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரைக் என்ற சிற்றாறு அங்கேதான் கடலில் கலக்கிறது. ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு வீக் என்று பெயர். அவளுடைய தாத்தாவுக்கு அந்தப் பக்கத்தில் படகு பழுதுபார்க்கும் பட்டறை இருந்தது. அம்மா நர்ஸ். பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று மாறி மாறி வேலை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகப் போவது தாத்தாவின் பட்டறைக்குத்தான். மரத்தூள், தார், பெயின்ட் எல்லாம் கலந்த வாசனைக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள்.

பட்டறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் படம் ஒட்டியிருக்கும். தேதிகளை எப்போதோ கிழித்தாகிவிட்டது, படம் மட்டும் மிச்சம். ஒரு கடற்கரை. கரையில் ஐந்து பேர். கடலில் ஐந்து கப்பல்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு சிவப்பும் மஞ்சளும் வெளிறி, படம் முழுக்க நீலம் பாரித்துக் கிடக்கும். அதை வரைந்தவர் உள்ளூர்க்காரர் என்பதில் தாத்தாவுக்கு ஒரு பெருமை.

அந்த உள்ளூர்க்காரர், காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக். 1774-ல் கிரைஃப்ஸ்வால்ட்டில் பிறந்தவர். அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். மகனோ ஜெர்மனியின் ரொமான்டிக் ஓவியர்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறார். பாறை உச்சியில் நின்று, நமக்கு முதுகைக் காட்டியபடி மூடுபனியைப் பார்க்கும் ஒரு மனிதனின் படத்தை ஏதாவது புத்தக அட்டையில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அது இவர் வரைந்ததுதான்.

பட்டறையில் இருந்த படத்தின் பெயர் 'வாழ்க்கையின் படிநிலைகள்'. 1835 வாக்கில் வரைந்தது. பெயர் ஃப்ரீட்ரிக் வைத்தது அல்ல, பின்னால் வந்தவர்கள் வைத்தது. கரையில் இருக்கும் ஐவரும் அவருடைய குடும்பத்தார் என்று கலை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நீண்ட கோட்டும் கையில் தடியுமாக, முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் கிழவர் ஃப்ரீட்ரிக்கேதான். உயரமான தொப்பி வைத்திருப்பவர் சகோதரர் மகன். இளம்பெண் மூத்த மகள் எம்மா. நடுவில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் ஆக்னஸும் குஸ்டாவும். இந்த இருவர் கையிலும் ஒரு குட்டி ஸ்வீடன் கொடி இருக்கிறது. ஜெர்மன் பிள்ளைகளுக்கு ஸ்வீடன் கொடி எதற்கு என்று தோன்றுகிறதா? 1815 வரை கிரைஃப்ஸ்வால்ட் ஸ்வீடனின் ஆட்சியில் இருந்தது. அந்த நினைவு ஃப்ரீட்ரிக்கை விடவில்லை போலிருக்கிறது.

படத்தின் முன்பக்கத்தில் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கிறது. அது சவப்பெட்டியைக் குறிக்கிறது, கிழவர் மரணத்தை நோக்கிப் போகிறார் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். தாத்தா இதை ஒப்புக்கொண்டதே இல்லை.

"மழைத்தண்ணி தேங்கக் கூடாதுன்னுதான் படகைக் கவுத்து வைப்பாங்க. இதுல எங்கே வந்தது சவப்பெட்டி?"

அவர் பார்வையில் அது பழுது பார்க்கக் காத்திருக்கும் ஒரு படகு. அவ்வளவுதான்.

வெள்ளைச் சுவர்

அவள் லைப்சிக் நகரில் வேதியியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு செப்டம்பரில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரியும், ஆனால் பதில் வாயில் வராது. ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். பட்டறையைக் காலி செய்தபோது அந்தக் காலண்டர் படம் சுவரிலிருந்து உரிக்க வராமல் துண்டு துண்டாகக் கிழிந்துபோனது.

தாத்தாவின் புதிய அறையில் நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர். அந்தப் படத்தை ஆயில் பெயிண்டிங்காகவே வரைந்து, கிறிஸ்துமஸுக்குள் அங்கே மாட்டுவது என்று அவள் முடிவு செய்தாள்.

"நல்ல பிரின்ட் ஒண்ணு வாங்கி மாட்டினா ஆகாதா?" என்று அம்மா கேட்டாள்.

நியாயமான கேள்விதான். அதுவரை அவள் ஆயில் பெயின்ட்டைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் தாத்தாவுக்காக வேறு எதுவும் செய்ய முடியாத நேரத்தில் கையால் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மாலை நேர ஓவிய வகுப்பில் சேர்ந்தாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஓவியத்தின் அசல் இருப்பது லைப்சிக்கில்தான்! அங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று வருடம் அதே ஊரில் படித்தும் அவள் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. போய் நின்றபோது முதலில் திடுக்கிட்டாள். அசலில் வானம் நீலமாகவே இல்லை! தொடுவானத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் எரிகிறது. மேலே போகப் போக சாம்பல் கலந்த ஊதாவாக மாறுகிறது. பதினைந்து வருடம் பார்த்து வளர்ந்த படத்தில் வெளிச்சம் இப்படி இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

பார்த்து வரைவது திருட்டா?

வகுப்பில் சேர்ந்த அன்று அவள் ஆசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், இன்னொருவர் படத்தைப் பார்த்து வரைவது தப்பில்லையா என்று. ஆசிரியைக்கு எழுபது வயதிருக்கும். சிரித்துவிட்டார்.

"எழுத்து எப்படிக் கத்துக்கிட்ட? அடுத்தவங்க எழுதினதைப் பார்த்துத்தானே?"

கோலம் பழகும் பிள்ளை அம்மா போட்ட கோலத்தைப் பார்த்துத்தான் புள்ளி வைக்கிறது. ஓவியமும் அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1793-ல் திறந்த காலத்திலிருந்தே, ஓவியர்கள் உள்ளே உட்கார்ந்து பார்த்து வரைய இடம் கொடுத்துவருகிறது. அதற்கு விதிகளும் உண்டு. நகல், அசலின் அளவில் இருக்கக் கூடாது. குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். அசல் ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. கள்ள ஓவியத்துக்கும் கற்கும் ஓவியத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்!

வான்கா என்ன செய்தார் தெரியுமா? பிரான்சின் சான்ரெமியில் மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, மில்லே என்ற ஓவியரின் படங்களை மட்டும் இருபதுக்கும் மேல் பார்த்து வரைந்தார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பிரதிகள். வண்ணங்களை அவரே யோசித்துப் போட்டுக்கொண்டார். ஓர் இசைக்கலைஞன் இன்னொருவர் இயற்றியதைத் தன் பாணியில் வாசிப்பதில்லையா, அதுபோலத்தான் இது என்று தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதினார். அவற்றில் ஒன்று 'முதல் அடிகள்'. தோட்டத்தில் ஒரு குழந்தை முதன்முதலாக அடியெடுத்து வைக்கிறது, அப்பா மண்ணில் மண்டியிட்டுக் கைகளை நீட்டுகிறார். வான்கா இதை வரைந்தது 1890 ஜனவரியில். தியோவின் மனைவி அப்போது நிறைமாதம். அந்த மாதம் 31-ம் தேதி குழந்தை பிறந்தது. பெரியப்பாவின் பெயரையே வைத்தார்கள், வின்சென்ட் என்று. குடும்பத்தை விட்டு எங்கோ தனியாக இருந்தவர், ஒரு குடும்பப் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்... அவருக்கு அது வெறும் பயிற்சியாக இருந்திருக்குமா?

நகலுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ஃப்ரீட்ரிக் பனியில் ஒரு மடாலயத்துக் கல்லறைத் தோட்டத்தை வரைந்திருந்தார். 1945-ல் பெர்லினில் போரின் அழிவில் அந்தப் படம் போய்விட்டது. இன்று அதைத் தெரிந்துகொள்ளக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான் இருக்கிறது. யாராவது ஒரு மாணவன் அதன் முன்னால் உட்கார்ந்து சுமாராகவாவது ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால், அந்த வானம் என்ன நிறம் என்றாவது தெரிந்திருக்கும்.

கட்டம், கட்டமாக...

அசல் ஓவியம் ஏறக்குறைய 73-க்கு 94 சென்டிமீட்டர். அவள் கடையில் வாங்கிய கேன்வாஸ் 40-க்கு 50. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் இரண்டுக்கும் விகிதம் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. அகலம் 50 என்றால் உயரம் 39-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வர வேண்டும். கீழே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பட்டையாகக் கோடு போட்டு ஒதுக்கினாள். பிறகு அகலத்தைப் பத்தாகப் பிரித்துக் கட்டம் போட்டாள். கையில் இருந்த பிரின்ட்டின் மேலும் அதே மாதிரி பத்து.

கட்டம் போட்டு வரைவதில் ஒரு நன்மை உண்டு. கட்டத்துக்குள் பார்க்கும்போது கப்பலோ மனிதரோ தெரிவதில்லை. ஒரு சாய்ந்த கோடு, ஒரு வளைவு, ஓர் இருட்டுத் திட்டு, அவ்வளவுதான் தெரியும். "இது கப்பல்" என்று மனசு சொல்லிவிட்டால் கை தனக்குத் தெரிந்த கப்பலை வரைந்துவிடும். அப்படி நடக்காமல் கட்டம் தடுக்கிறது. ஆனால் இதே விஷயம் பின்னால் அவள் காலை வாரிவிட்டது.

ஃப்ரீட்ரிக்கும் வரைவதில் அவசரப்படாதவர். கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் 1794 முதல் 1798 வரை படித்தார். அங்கே பென்சில், பிளாஸ்டர் சிலைகள், பிறகு ஆளைப் பார்த்து வரைவது என்று வரைகலைதான் பாடம். வண்ணம் தீட்டுவது பாடத்திட்டத்திலேயே கிடையாது. அவர் ஒழுங்காக ஆயில் பெயின்ட்டில் இறங்கியது 1807 வாக்கில், முப்பது வயதுக்கு மேல். வெளியில் போய்ப் பென்சிலால் குறித்து வருவார். வண்ணமெல்லாம் அறைக்குள்தான். அந்த அறையை அவர் நண்பர் கெர்ஸ்டிங் வரைந்திருக்கிறார். ஈஸல், நாற்காலி, மேசை தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லாத மொட்டைச் சுவர் அறை. கேன்வாஸில் கோட்டோவியத்தைத் துல்லியமாக முடித்த பிறகுதான் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவார்.

வானத்தைக் கெடுத்த நீலம்

முதலில் வானம். தொடுவானத்து மஞ்சளைத் தீட்டினாள். நன்றாக வந்தது. அதே ஜோரில் மேலே ஊதாவையும் தொடங்கிவிட்டாள். ஊதாவில் கொஞ்சம் பிரஷ்யன் நீலம் சேர்க்க வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கண்டுபிடித்த நிறம் அது. அதன் ஃபார்முலா அவளுக்கு மனப்பாடம். ஆனால் அதன் குணம் தெரியாது! கடுகளவு போதும் என்ற இடத்தில் பட்டாணி அளவு எடுத்துவிட்டாள். பேலட், தூரிகை, கை, கதவின் கைப்பிடி என்று எல்லாம் நீலம். ஈரமான மஞ்சளோடு அது கலந்து, மாலை வானம் குளத்துப் பாசி நிறத்துக்கு வந்துவிட்டது.

ஆசிரியை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கத்தியால் வழித்து எடுக்கச் சொன்னார். பிறகு, "முதலில் மஞ்சள். அது காயட்டும். அப்புறம் மேலே ஊதாவை எண்ணெயில் கரைச்சு, கண்ணாடி மாதிரி மெல்லிசா ஏத்து. அது காயட்டும். அப்புறம் இன்னொரு தடவை" என்றார்.

"ஒவ்வொண்ணும் காய எத்தனை நாள் ஆகும்?"

"அது உன்கிட்ட இல்லை."

வேதியியல் மாணவிக்கு இதன் காரணம் தெரிந்ததுதான். தண்ணீர் காய்வது போல ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று பிணைந்து இறுகுகிறது. காய்வது என்று சொன்னாலும் அது ஒரு வேதிவினை. குளிர்காலத்தில் மெதுவாக நடக்கும். அம்பர் என்ற பழுப்பு நிறத்தில் மாங்கனீஸ் இருப்பதால் அது சீக்கிரம் காயும். டைட்டானியம் வெள்ளை லேசில் காயாது. அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. மாற்றிச் செய்தால், அடியில் இருப்பது மெதுவாக இறுகும்போது, முந்திக் காய்ந்துவிட்ட மேல் அடுக்கு வெடித்துப்போகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் இதே வினையின் சூட்டில் தானாகத் தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. அதனால் துணியைத் தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் அவள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். ஆனால் பரீட்சைத் தாளில் ஒரு வினை நடக்க ஒரு வரி போதும். இங்கே ஒன்பது நாள் ஆனது. அடுத்த அடுக்குக்குப் பன்னிரண்டு நாள்.

ஃப்ரீட்ரிக் வானம் தீட்டும் நாட்களில் அவரிடம் யாரும் பேசக் கூடாது என்று மனைவி கரோலின் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அந்த வானத்தை அடுக்கடுக்காக ஏற்றிப் பார்த்தபோது அது ஏன் என்று அவளுக்குப் புரிந்தது.

நவம்பர் முடியும்போது வானமும் கடலும் முடிந்திருந்தன. டிசம்பரில் கப்பல்களும் கரையும், பிறகு மனிதர்களும். ஒவ்வொரு மனிதரும் விரல் நீளம்கூட இல்லை. பிள்ளைகளை முதலில் தீட்டினாள், பிறகு எம்மா, பிறகு தொப்பிக்காரர். தொப்பிக்காரரைத் தீட்டும்போதுதான் கவனித்தாள். மற்ற மூவரும் தங்களுக்குள் இருக்கிறார்கள், இவர் ஒருவர்தான் கிழவர் பக்கம் திரும்பி நிற்கிறார். பட்டறையில் எத்தனையோ வருடம் பார்த்தும் கண்ணில் படாத விஷயம் இது.

கிழவரைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தாள். முகம் இல்லை, வெறும் முதுகுதான், சுலபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்வரை தூரிகை அந்தப் பக்கம் போகவே இல்லை. பென்சில் கோடு மட்டும் இருந்தது.

ஒரு கயிறு

பாதி ஈரமான படத்தை அட்டைப்பெட்டிக்குள் எங்கும் உரசாமல் நிறுத்தி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். மாட்ட முடியாது, காட்டிவிட்டாவது வரலாம் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

தாத்தா சக்கர நாற்காலியில் ஜன்னல் ஓரம் இருந்தார். படத்தை மேசைமேல் சாய்த்து வைத்தாள். வெகு நேரம் பார்த்தார். வானத்தைப் பற்றி ஏதாவது ஜாடை காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். இரண்டு மாதம் போராடிய வானம் அல்லவா!

அவர் வானத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. இடது கையைத் தூக்கி, விரலை ஒரு கப்பலுக்கு நேராக வைத்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவளுக்குப் புரியவில்லை. பென்சில் கேட்டார், ஜாடையில்தான். பேப்பரை அவள் பிடித்துக்கொண்டாள். பழக்கமில்லாத இடது கையால், கோணல்மாணலாக ஒரு கோடு போட்டார், அதுதான் பாய்மரம். உச்சியிலிருந்து ஒரு பக்கம் சாய்வாக ஒரு கோடு, கயிறு. பிறகு மறுபக்கமும் அதே மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டை மட்டும் மறுபடி மறுபடி போட்டார், பேப்பர் கிழியும் வரை.

அப்போதுதான் அவள் தன் படத்தைப் பார்த்தாள். அந்தக் கப்பலின் பாய்மரத்துக்கு ஒரு பக்கம்தான் கயிறு இருந்தது. பிரின்ட்டில் மறுபக்கக் கயிறுகள் இருட்டோடு கலந்து மங்கிப்போயிருந்தன. கட்டத்துக்குள் கோடு தெரியவில்லை, அவளும் போடவில்லை. ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கட்டிய பாய்மரம் எப்படி நிற்கும்? முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும். நாற்பது வருடம் படகு வேலை பார்த்தவருக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. கோட்டை வரைந்த அவளுக்கு, அது என்ன வேலை செய்யும் கோடு என்பது தெரியவில்லை.

அவர் கை கப்பலை விட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. கரையில், பென்சில் கோடு மட்டும் இருந்த இடத்துக்கு மேலே வந்து நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அது கடைசியில தாத்தா. கண்டிப்பா வரைஞ்சிடுவேன்" என்றாள்.

அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

முதுகு

லைப்சிக் திரும்பியதும் அருங்காட்சியகத்துக்குத்தான் போனாள். அந்தக் கப்பலின் அருகே போய்க் கூர்ந்து பார்த்தாள். மறுபக்கமும் மயிரிழை போல மெல்லிய கயிறுகள் இருந்தன. ஃப்ரீட்ரிக் துறைமுக ஊரில் பிறந்தவர், கப்பல்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தவர். அவர் விடுவாரா?

கயிறுகளைப் போட்டாள். ஜனவரி நடுவில் கிழவரைத் தொடங்கினாள். முதுகு சுலபம் என்று நினைத்தது தப்பு. தடியில் எவ்வளவு பாரம், எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, கோட்டின் மடிப்பு எங்கே உடைகிறது, எல்லாவற்றையும் அந்த விரல் நீளத்துக்குள் சொல்ல வேண்டும். இரண்டு முறை வழித்து எடுத்தாள். மூன்றாவது முறை அசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி யோசித்தாள். வீக்கின் கற்கரையில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடம் போதாது என்று சின்ன வயதில் எப்போதும் தாத்தா முன்னால் போவார், அவள் பின்னால் போவாள். எத்தனை வருடம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறாள்! அன்று இரவு கிழவர் வந்துவிட்டார்.

இந்தப் படத்தை வரைந்த காலத்தில் ஃப்ரீட்ரிக்குக்கு அறுபது வயது. 1835 ஜூனில் அவருக்கும் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு ஆயில் பெயின்ட்டில் அதிகம் முடியவில்லை. வாட்டர்கலரும் செபியாவுமாக வரைந்துகொண்டிருந்தார். 1840 மே மாதம் டிரெஸ்டனில் இறந்துபோனார்.

படம் முடிந்துவிட்டது என்று அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். உடனே கொண்டு வரவா என்று கேட்டாள். கிழவரின் கோட்டில் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவசரப்படாதே, மார்ச்சில் லீவுக்கு வரும்போது கொண்டு வா, அதற்குள் காய்ந்துவிடும் என்றாள் அம்மா. சரியென்று பட்டது.

பிப்ரவரி கடைசியில் தாத்தா தூக்கத்திலேயே போய்விட்டார்.

வார்னிஷ்

ஆயில் பெயிண்டிங்குக்குக் கடைசி வேலை வார்னிஷ். மேலே தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும், உள்ளே இறுக ஆறு மாதமாவது, சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும். அதற்கு முன் வார்னிஷ் அடிக்கக் கூடாது என்பார்கள். அவள் படத்துக்கு வார்னிஷ் அடித்தது ஆகஸ்டில். அடித்ததும், காய்ந்து மங்கிப்போயிருந்த இருட்டுகள் எல்லாம் முதல் நாள் போலத் திறந்துகொண்டன. கப்பலின் இரண்டு பக்கமும் கயிறுகள் தெரிந்தன.

அந்த ஆறு மாதமும் அவளை ஒரு கேள்வி விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. ஜனவரியிலேயே ஈரத்தோடு கொண்டு போயிருக்கலாமே? மடியில் வைத்துக்கொண்டு ஒரு தடவை போனவள்தானே? கோட்டில் கொஞ்சம் தீற்றல் விழுந்திருந்தால்தான் என்ன?

வார்னிஷ் அடிக்க உதவ வந்த ஆசிரியையிடம் இதைக் கேட்டாள். அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "கொண்டு போயிருக்கலாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா முடிச்ச படத்தை அவர் பார்க்க மட்டும்தான் முடிஞ்சிருக்கும். முடிக்காத படத்துல அவர் வேலை செஞ்சுட்டுப் போயிருக்கார்" என்றார்.

இரண்டும் உண்மைதான். முதலாவதை இரண்டாவது அழித்துவிடாது. பார்த்து வரைந்து கற்கிறவர்களுக்குப் பெயின்ட் மட்டும் அல்ல, இதுவும் சேர்ந்துதான் கைவசமாகிறது போலும். காத்திருக்க வேண்டிய இடமும் உண்டு, காயாததையே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய இடமும் உண்டு. எது எந்த இடம் என்பதற்கு எந்த ஓவியப் புத்தகத்திலும் விதி இல்லை.

படம் இப்போது அம்மாவின் வீட்டில், சமையலறையில் தொங்குகிறது. விருந்தாளிகள் வானத்தைப் பாராட்டுகிறார்கள். யாராவது திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருப்பது தெரியும். நகல் எடுப்பவர்கள் வழக்கமாக எழுதுவதுதான்: காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் படத்தைப் பார்த்து வரைந்தது. அதற்குக் கீழே அவள் பெயர், வருடம். அதற்கும் கீழே இன்னொரு வரி.

கயிறு: தாத்தா.